பக்கப்பலகை

மூன்றாவது குத்திலேயே
டங்கென்று திரும்பி வந்தது கடப்பாரை.
மாமாங்கம் பக்கம் மனை வாங்கியவர்களுக்குத் தெரியும்,
அரையடி மண்,
அப்புறம் வெள்ளைக்கல்தான், பாதாளம் வரைக்கும்.
எருக்கு வரும், வேலிக்காத்தான் வரும்,
கேட்காமலே நெருஞ்சி வரும்.
வெண்டைக்காயை உழவர் சந்தையில்தான் பார்க்கலாம்.

கீழே போக விடாத தரையில்
மேலே போவதென்று முடிவு செய்தேன்.

லாரி அறுபட்ட அன்று
இரும்பை எடை போட்டு ஏற்றிக்கொண்ட காயலான் கடைக்காரர்
"மரத்துக்கு வெலையில்லம்மா, அடுப்புக்கு வெச்சுக்குங்க" என்று
பக்கப்பலகைகளை வாசலில் தள்ளிவிட்டுப் போனார்.
கூடவே டிரைவர் சீட்டு.
பஞ்சு பிதுங்கிய அதை யாரும் கேட்கவில்லை.

தச்சர் லூர்துசாமி அறுத்ததில்
'முனியப்' ஒரு பாத்தியிலும்
'பன் துணை' இன்னொன்றிலும் போயிற்று.
மூன்றாவதில் முழுசாய் நின்றது
'ஓனர் டிரைவர் ப. அத்தியண்ணன்'.
வாய்விட்டு நான் சொல்லாத பெயர்.

உயரம் எவ்வளவு என்றார் தச்சர்.
நாலாம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் நடுவே தட்டு தேய்ந்து,
குனியவே கூடாதென்று சீட்டு எழுதி வாங்கி,
உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்
அந்த டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால்
ஸ்டியரிங் எட்டுகிற உயரம்.
கையை நீட்டிக் காட்டினேன்.

மூன்று பெட்டியும் வரிசையாய் நின்றதும்
காம்பவுண்டுக்கு மேல் எட்டிப் பார்த்த ஜெயசீலி
"என்னக்கா, மூணு சமாதி கட்டியிருக்கீங்க" என்றாள்.
சிரித்துவிட்டேன்.
ஜன்னல் திறந்திருந்தது
பிறகுதான் தெரிந்தது.

அடியில் தேங்காய் மட்டை, வாழைச் சருகு.
மேலே ஏரி வண்டல் ஒரு டிராக்டர்,
பேரம் பேசி இரண்டாயிரத்து நானூறு.
சாணியெரு, வேப்பம் புண்ணாக்கு.
தோண்டிய வெள்ளைத்தூளை வீணாக்குவானேன் என்று
ஒன்றில் கலந்தேன்.
தக்காளி நாற்று காமாலை கண்டதுபோல் வெளுத்தது.
கூடை கூடையாய்த் திரும்ப அள்ளிக் கொட்டினேன்.
இதை ஜெயசீலியிடம் சொல்லவில்லை.

வெண்டையும் கொத்தவரையும் ஆடிப் பதினெட்டில் ஊன்றியது.
ஆவணிக் கடைசியில் ஒரு சாயங்காலம்
சேர்வராயன் மேல் கறுத்துக்கொண்டு வந்தது.
இரவு பத்துக்குப் பிடித்த மழை.
பன்னிரண்டுக்கு வண்டல் ஊறி
முனியப் பாத்தியின் பலகை வயிறு தள்ளிற்று.
ஆணி தெறித்த சத்தம் எனக்குக் கேட்டது.
ஓடிப்போய் முதுகைக் கொடுத்து
முட்டுக்கல் மாதிரி நின்றேன்.

பின்னால் ஒரு குரல்:
"ஓவர்லோடு ஏத்துனா இப்படித்தான்."

ஐந்து மாதமாய்க் கக்கூசுக்கு மட்டும் எழுந்தவர்
லுங்கியை மடித்துக் கட்டி
கயிறும் தார்ப்பாயுமாய் நின்றார்.
"தள்ளு."
குனியவில்லை.
சீட்டைக் காலால் நகர்த்தி உட்கார்ந்து
பலகையைச் சுற்றிக் கயிற்றை விட்டு
ஒரு கொக்கி, ஒரு முறுக்கு,
மட்டத்தில் காலை உதைத்து ஒரே இழு.
லாரிக்காரர்கள் போடும் அந்த முடிச்சு
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
"கல்கத்தா வரைக்கும் அவிழாது."

அப்புறம் மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை அவரால்.
தைலம் தேய்க்கத் தேய்க்க
தார்ப்பாய் கட்டிய விதத்தில் என்னென்ன தப்பென்று
சொல்லிக்கொண்டே இருந்தார்.

நாலாம் நாள் விடியலில்
சீட்டில் ஆள் இருந்தது.

முதல் பறிப்பு பதினோரு வெண்டைக்காய்.
செலவை வகுத்தால் காய் ஒன்றுக்கு ஐந்நூற்றுச் சொச்சம்.
"எத்தனை டன்னு?" என்றார்.
பாத்திகளுக்கு அந்தப் பெயர்களே நின்றுவிட்டன.
முனியப்புக்குத் தண்ணீர் விட்டாச்சா,
பன் துணையில் மாவுப்பூச்சி.
மூன்றாவதை மட்டும் நான் 'அது' என்கிறேன்.

அணில் குறுக்கே ஓடும்போது
கொத்தவரைக் கொடியை விடாமல் பிடித்துக்கொண்டு
வலது காலால்
வெள்ளைக்கல்லை அழுத்துகிறார்.